மேடைப் பயம்: பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் பாட்டும் வயலினும் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் பலரும் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசுகிறவர்கள். அவர்களும், அவர்களைப் பெற்றவர்களும், நடுவயதில் சங்கீதத்தை மறுபடி கையில் எடுத்த பெரியவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில்தான் கேட்பார்கள். ராகத்தைப் பற்றி உரக்கக் கேட்கிற பிள்ளை, மேடைப் பயத்தைப் பற்றி மட்டும் காதோடு கேட்கும். அந்த இரகசியம் தேவையே இல்லை என்பதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதுகிறேன்.

மேடை ஏறியதும் உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது?

எதிரே ஆபத்து இருக்கிறது என்று மூளை முடிவு செய்துவிடுகிறது. அட்ரினலின் என்ற சுரப்புநீர் இரத்தத்தில் கலக்கிறது. ஓடுவதற்கோ மோதுவதற்கோ உடம்பு தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. பெரிய தசைகளுக்கு இரத்தம் திருப்பப்படுகிறது. விரல்நுனிக்குப் போகும் இரத்தம் குறைந்து விரல் சில்லிட்டுப்போகிறது. செரிமானம் அப்போது அவசரமில்லை என்பதால் எச்சில் வற்றுகிறது, வயிறு புரட்டுகிறது. மூச்சு அடிவயிற்றை விட்டு மேல்நெஞ்சுக்கு ஏறிக்கொள்கிறது. தசைகள் இறுகி நடுங்குகின்றன.

புலியைப் பார்த்து ஓடுகிறவனுக்கு இவை எல்லாம் உதவும். தோடி ராகம் பாட உட்கார்ந்தவருக்கு ஒவ்வொன்றும் ஒரு தொல்லை. பாடகருக்குத் தொண்டைத் தசை இறுகி மேல்ஸ்தாயி நெருக்கும். நீளமான சங்கதிக்கு (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவம்) மூச்சு போதாது. புல்லாங்குழல்காரருக்கு உதடு காயும். வயலின்காரருக்கு வில் ஆடும். மிருதங்கக்காரருக்கு விரல் விறைக்கும். உங்கள் வித்தையில் குறை இருப்பதால் இவை வருவதில்லை. உடம்பு தன் வேலையை மிகச் சரியாகச் செய்கிறது, செய்யும் இடம்தான் தவறு.

பெரிய வித்வான்களுக்கு இதெல்லாம் இருக்காது அல்லவா?

இருக்கிறது. பாப்லோ காசல்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த செல்லோ கலைஞர். 1901ல் அமெரிக்காவில் மலையேறப் போயிருந்தபோது பாறை உருண்டு அவர் இடது கையில் விழுந்தது. அந்த நொடியில் முதலில் தோன்றியது, 'அப்பாடா, இனிமேல் வாசிக்க வேண்டாம்' என்ற நிம்மதிதான் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கை குணமானது. 1973ல் தமது 96ஆம் வயதில் காலமானார்; கச்சேரிக்கு முந்தைய பயம் வாழ்நாள் முழுக்க அவரோடு இருந்தது, வாசிப்பும் இருந்தது. பியானோ மேதை விளாதிமிர் ஹோரோவிட்ஸ் 1953 முதல் 1965 வரை மேடைப் பக்கமே வரவில்லை.

நம் வித்வான்கள் இதைப் பற்றி வெளியில் அதிகம் பேசுவதில்லை. அதனால் பிள்ளைகள், தங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் குருவிடம் நேராகக் கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்குத் தைரியம் தரும்.

இந்தப் பயம் முழுவதும் போக எத்தனை கச்சேரி ஆகும்?

பலருக்கு முழுவதும் போகாது. போக வேண்டிய அவசியமும் இல்லை. பயம் போன பிறகு மேடையேறலாம் என்று காத்திருக்கிறவர்கள் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். பயம் இருக்கும்போதே பாடப் பழகியவர்களுக்கு அது ஒரு நாள் சிறுத்துப்போகிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது இதுதான்; மற்றதெல்லாம் அதற்கான வழிகள்.

1908ல் யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். பணி எளிதாக இருந்தபோது அதிர்ச்சி கூடக் கூட எலிகள் விரைவாகக் கற்றன. பணி கடினமானபோது, மிதமான அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றன. அளவு மீறியதும் தடுமாறின. இதை மேடைக்குப் பொருத்திப் பார்க்கலாம். கொஞ்சம் படபடப்பு இருந்தால் கச்சேரி சோபிக்கும். எதுவுமே இல்லையென்றால் பாட்டு தூங்கி வழியும். கூடவே இன்னொன்றும் புரிகிறது. உருப்படி, அதாவது எடுத்துக்கொண்ட பாட்டு, எவ்வளவு கடினமோ அவ்வளவுக்குப் பதற்றம் அதைக் கெடுக்கும். பயப்படுவோம் என்று தெரிந்த நாளில், சென்ற வாரம் பாடமான கடினமான கீர்த்தனையை எடுக்காதீர்கள்.

வீட்டில் தண்ணீர்பட்ட பாடாக இருப்பது மேடையில் மறந்துபோகிறதே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஞாபகசக்தி டானிக் பதில் ஆகாது. பாடம் செய்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நாம் பெரும்பாலும் ஒரு கீர்த்தனையை முதல் பகுதியான பல்லவியில் தொடங்கி, அனுபல்லவி, கடைசிப் பகுதியான சரணம் வரை ஒரே ஓட்டமாகப் பாடிப் பாடி வாயில் ஏற்றுகிறோம். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பிடித்துக்கொண்டுதான் வரும், கோத்த மணிமாலை போல. வீட்டில் நூல் அறுவதில்லை. மேடையில் யாரோ எழுந்து போகிறார், மைக் கீச்சிடுகிறது, கவனம் ஒரு நொடி சிதறுகிறது. நூல் அறுந்ததும் நடுவில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஆகவே நடுவிலிருந்து தொடங்கப் பழகுங்கள். அனுபல்லவியின் மூன்றாவது சங்கதியை மட்டும் எடுங்கள். சரணத்தின் கடைசி வரியிலிருந்து பல்லவிக்குத் திரும்புங்கள். வீட்டில் யாராவது ஏதோ ஒரு வரியின் முதல் சொல்லைச் சொல்ல, நீங்கள் எடுப்பு பிசகாமல் அங்கிருந்து பாடுங்கள். பிறகு ராகத்தை விட்டுவிட்டு சாகித்யத்தை, அதாவது பாட்டின் சொற்களை, மட்டும் உரைநடை போலச் சொல்லிப் பாருங்கள். தடுக்கினால், நீங்கள் வைத்திருப்பது வாய்ப்பழக்கம் மட்டும்தான், பாடம் இன்னும் ஆகவில்லை. அடுத்து, வாயைத் திறக்காமல் தாளத்தை மட்டும் போட்டுக்கொண்டு முழு உருப்படியையும் மனதுக்குள் ஓட்டுங்கள். பஸ்ஸில் பாலக்காடு போகும்போது செய்யலாம். எந்த இடத்தில் மனம் மங்குகிறதோ, அந்த இடம்தான் மேடையில் வழுக்கும்.

பொருள் தெரிந்து பாடுவதும் பெரிய பாதுகாப்பு. தியாகராஜர் தெலுங்கில் என்ன கேட்கிறார் என்று தெரிந்த பிள்ளைக்கு அடுத்த வரி எது என்பதும் தெரியும். தெலுங்கு தெரியாத பிள்ளைக்கு அது வெறும் ஓசைகளின் வரிசை. ஆசிரியர்கள் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்காமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

சரி, மேடையிலேயே மறந்துவிட்டால்?

தாளத்தை விடாதீர்கள். கை நடந்துகொண்டிருக்கும் வரை கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது. கடைசியாகப் பாடிய வரியை இன்னொரு முறை பாடுங்கள். கேட்பவருக்கு அது மற்றொரு சங்கதி. அப்போதும் வரவில்லையென்றால் பல்லவிக்குத் திரும்புங்கள். வயலின்காரர் பக்கம் ஒரு பார்வை போதும், அவர் ஓர் ஆவர்த்தனத்தை (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) நிரப்பிக் கொடுப்பார். பக்கவாத்தியம் என்பதற்கு அந்தப் பொறுப்பும் உண்டு. முகத்தைச் சுளிப்பதும் நாக்கைக் கடிப்பதும் வேண்டாம். சபையில் பலருக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தால்தான் பிசகே தெரியும்.

காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) ஏறிவிடுகிறது. நிறுத்த முடியவில்லை.

இதயம் அடிக்கிற வேகத்தில்தான் அப்போது உங்களுக்கு எல்லாம் கேட்கிறது. வீட்டில் எடுக்கும் காலமே மேடையில் சவுக்கமாக, மிக மெதுவாக, தோன்றும்; கை தானாக ஓடும். அதனால் மேடையில் தோன்றுவதை நம்பக் கூடாது. வாய் திறக்குமுன் பல்லவியை மனதுக்குள் இரண்டு ஆவர்த்தனம் பாடிப் பாருங்கள். அதிலும் எளிதான இடத்தை வைத்துக் காலம் எடுக்காதீர்கள். உருப்படியில் நெருக்கமாக வரும் சிட்டைஸ்வரத்தையோ (முன்பே கட்டிவைத்த ஸ்வர வரிசை) கடினமான சங்கதியையோ நினைத்து, அது எந்த வேகத்தில் உட்காருமோ அந்த வேகத்தில் தொடங்குங்கள். மிருதங்கக்காரரிடம் முன்னதாகவே சொல்லிவைக்கலாம்: 'நான் ஓடினால் பிடித்துக்கொள்ளுங்கள்.' நல்ல மிருதங்கம் பாடகரைப் பிடித்து நிறுத்தும்.

எதை முதலில் பாடுவது நல்லது?

வர்ணம். கச்சேரியில் எதற்குப் பின் எது என்ற பத்ததியை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வர்ணத்தோடு தொடங்குவதை வழக்கமாக்கினார். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை, எல்லாம் இசைத்துவைத்தது, ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்தது. குரல் திறக்கும், மூச்சு இறங்கும், பக்கவாத்தியத்தோடு பழக்கம் ஆகும். பதற்றம் முதல் சில நிமிடங்களில்தான் உச்சத்தில் இருக்கும். அந்த நிமிடங்களை வர்ணத்திடம் ஒப்படைத்துவிடலாம்.

போட்டியில் இந்த வசதி கிடையாது. பெயரைக் கூப்பிட்டதும் ராகம், கீர்த்தனை என்று நேராக இறங்க வேண்டும். அதற்கு வேறு பழக்கம் வேண்டும்: வீட்டில் ஏதோ வேலையாக இருக்கும்போது சட்டென்று எழுந்து சுருதிப் பெட்டியைப் போட்டு, தொண்டையைச் சரிசெய்யாமல், போட்டி உருப்படியை ஒரே ஒரு முறை பாடிவிட்டு எழுந்துவிட வேண்டும். இரண்டாவது முறை கிடையாது. மேடையில் கிடைப்பதும் அந்த ஒரு முறைதானே.

மூச்சுப் பயிற்சி உண்மையில் பலன் தருமா?

தரும், சரியாகச் செய்தால். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் அடிக்கிறது. ஆகவே விடும் மூச்சை நீட்டினால் உடம்பு தணிகிறது. நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறோ எட்டோ எண்ணும் வரை மெல்ல விடுங்கள். சில நிமிடங்கள் போதும்.

பலரும் செய்வது இதற்கு நேர் எதிரானது. மேடையோரத்தில் நின்று பெரிய பெரிய மூச்சாக அவசர அவசரமாக இழுப்பார்கள். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரமரக்கும்; அதையும் பயம் என்று எண்ணி இன்னும் பயப்படுவார்கள்.

பாடகர்களுக்கு இந்தப் பயிற்சி புதிதல்ல. விடியற்காலையில் மந்திர ஷட்ஜத்தை (கீழ்ஸ்தாயி 'ஸ') ஒரே மூச்சில் நீளமாகப் பிடிப்பது இதுவேதான். ஆனால் கச்சேரி நாளன்று முதல் முதலாகத் தொடங்கினால் பலன் இராது. தினமும் செய்து, அந்த நிதானம் உடம்புக்குப் பழகியிருக்க வேண்டும்.

வில் நடுங்குகிறது, விரல் சில்லிட்டுப்போகிறது. வாத்தியக்காரர்களுக்கு என்ன வழி?

எங்கள் பக்கத்துக் கோவில் ஒன்றின் நவராத்திரிக் கச்சேரியில் பள்ளி மாணவி ஒருத்தி வயலின் வாசிக்க உட்கார்ந்தாள். சுருதி கூட்டும்போதே வில் தந்தியின் மேல் துள்ளியது. அவள் வில் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிடி மேலும் இறுகியது, கட்டைவிரல் வெளுத்துவிட்டது. உண்மையில் நடுக்கம் தொடங்கிய இடம் கையல்ல. நம் முறையில் வயலினின் தலை வலது கணுக்காலில் ஊன்றியிருக்கிறது. கால் நடுங்கினால் வயலினே நடுங்கும். அவள் பாதம் விரிப்பில் படாமல் அந்தரத்தில் நின்றது. காலைச் சற்று நீட்டிக் குதிகாலை ஜமக்காளத்தில் அழுத்தி வைக்கச் சொன்னேன். பிறகு, பஞ்சமத் தந்தியில் வில்லை முழுக்கையின் கனத்தோடு வைத்து, நீளமாக, கொஞ்சம் வேகமாகவே இழுக்கச் சொன்னேன். துள்ளல் அடங்கியது.

வயலின்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். நடுக்கத்தை மறைக்க வில்லை லேசாகத் தூக்கிப் பிடித்து மெதுவாக இழுப்பது இயல்பு. அதுதான் நடுக்கத்தைப் பெரிதாக்குகிறது. கனத்தைத் தந்திக்குக் கொடுங்கள். முதல் சில நிமிடங்களில் ஒரே ஸ்வரத்தில் நிற்கும் மெல்லிய நீண்ட கார்வை வேண்டாம். நடையுள்ள பிடிகளாக வாசியுங்கள்.

சில்லிட்ட விரலுக்கு ஃப்ளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய், டம்ளரில் ஊற்றிக் கைகளுக்குள் வைத்துக்கொள்வது நல்ல வழி. வேர்க்கும் கைக்கு ஒரு பருத்தித் துண்டு மடியில் இருக்கட்டும்.

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று தொண்டையையும் உதட்டையும் காயவைக்கும். மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) இழுத்துக்கொண்டு சுருதி ஏறும். அந்தக் காலத்தில் தொண்டை வறண்டால் எல்லாவற்றையும் பயத்தின் கணக்கில் எழுதாதீர்கள். மதியத்திலிருந்தே தண்ணீர் குடித்துவாருங்கள், வாத்தியத்தை அரை மணி நேரம் முன்னதாகவே மேடைக்குக் கொண்டுபோய் வையுங்கள். சுருதி சேராத வாத்தியத்தோடு கச்சேரி தொடங்கும் பதற்றத்துக்கு எந்த மூச்சுப் பயிற்சியும் மருந்தாகாது.

'பயப்படாதே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால்?

பலன் குறைவு. உடம்பு துடித்துக்கொண்டிருக்கும்போது 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொன்னால் மனம் நம்பாது. ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் உட் புரூக்ஸ் 2014ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அந்நியர் முன் பாட வேண்டியவர்களில் சிலரைத் 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்றும், வேறு சிலரை 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்றும் பாடுமுன் சொல்லச் சொன்னார்கள். உற்சாகம் என்று சொன்னவர்கள் சுருதியிலும் லயத்திலும் மேலாகப் பாடினார்கள். பதற்றத்துக்கும் உற்சாகத்துக்கும் இதயம் ஒரே மாதிரிதான் துடிக்கிறது. பெயரை மாற்றுவது எளிது.

இன்னும் நல்லது, கவனத்துக்கு ஒரு வேலை கொடுப்பது. 'எப்படிப் பாடுகிறேன், என்ன நினைப்பார்கள்' என்று தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் மனம்தான் பாட்டைக் கெடுக்கிறது. தம்புராவைக் கேளுங்கள். பஞ்சமம் எங்கே நிற்கிறது, அடுத்து ஷட்ஜம் எப்படிச் சேர்கிறது என்று காது கொடுங்கள். காது சுருதியில் இருக்கும்போது மனம் சபையில் இருக்க முடியாது.

கலோத்சவம் வந்தால் என் மகளுக்குக் காய்ச்சலே வந்துவிடுகிறது. பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

கேரளப் பள்ளிக் கலோத்சவம் 1957ல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. பள்ளி, உபஜில்லா, ஜில்லா, மாநிலம் என்று படியேறிப் போகும் இந்த விழா இந்த மாநிலத்தின் பெருமை. எத்தனையோ கலைஞர்களை உருவாக்கியிருக்கிறது. ஆனால் பரீட்சையில் சேரும் கிரேஸ் மார்க்கும், 'ஏ' கிரேடும், தீர்ப்பை எதிர்த்துக் கொடுக்கும் அப்பீலும் சேர்ந்து பிள்ளைகளின் தலையில் வைக்கும் சுமையை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். கோபம் வருகிறது.

பெற்றோருக்குச் சில வேண்டுகோள்கள். போட்டிக்கு முந்தைய வாரத்தில் சங்கதியை மாற்றாதீர்கள், மாற்றச் சொல்லி ஆசிரியரையும் வற்புறுத்தாதீர்கள். மேடைக்குப் பின்னால் பிள்ளையின் காதில் கடைசி நிமிடத் திருத்தம் சொல்லாதீர்கள். 'அந்தக் காந்தாரத்தைப் பார்த்துப் பாடு' என்று சொன்னால் அவள் மேடையில் அந்தக் காந்தாரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பாள். மற்றப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டு 'இவன் நன்றாகப் பாடுகிறான்' என்று அருகில் நின்று சொல்லாதீர்கள். இறங்கி வந்ததும் முதல் வார்த்தை கிரேடைப் பற்றி இருக்க வேண்டாம். தண்ணீர் கொடுங்கள், பசிக்கிறதா என்று கேளுங்கள். அப்பீல் கொடுக்க நினைத்தால் அந்தப் பேச்சைப் பிள்ளை எதிரில் வைத்துக்கொள்ளாதீர்கள். தான் பாடியதற்கு ஒரு வழக்கு நடக்கிறது என்ற நினைவோடு அடுத்த மேடைக்கு அவள் எப்படிப் போவாள்?

காய்ச்சலும் வயிற்றுவலியும் நடிப்பல்ல. பதற்றத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். 'சும்மா சொல்லாதே' என்று அதட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டாள். வலி மட்டும் இருக்கும்.

மலையாளிகள் நிறைந்த சபையில் என் உச்சரிப்பைச் சிரிப்பார்களோ என்று பயம்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதனால்தான் தீர்ப்பதும் எளிது. தமிழ் எழுத்தில் ககரத்துக்கு ஒரே வடிவம்; சமஸ்கிருதத்தில் நான்கு. சுவாதித் திருநாளின் சமஸ்கிருதக் கீர்த்தனையையோ இரயிம்மன் தம்பியின் மலையாளப் பதத்தையோ தமிழில் எழுதிவைத்துப் பாடம் செய்தால் 'பா'வும் (pa) 'பா'வும் (bha) ஒன்றாகிவிடும், கேட்பவர் காதில் உறுத்தும். கேரளத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு மலையாள எழுத்து தெரியும். அதிலேயே எழுதிவையுங்கள், அதில் நான்கும் தனித்தனியாக இருக்கின்றன. மலையாள ஆசிரியர் ஒருவரிடம் ஒருமுறை படித்துக்காட்டி, அவர் திருத்திய இடங்களில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். செம்பை வைத்தியநாத பாகவதரும், பாலக்காடு மணி ஐயரும், எம்.டி.ராமநாதனும் பிறந்தது இந்தப் பாலக்காட்டுப் பக்கத்தில், வீட்டில் தமிழ் பேசிய குடும்பங்களில். இந்தச் சபைகளில் நம் குரலுக்கு இடம் புதிதாகக் கேட்டுப் பெற வேண்டியதில்லை.

சபை அசையாமல் உட்கார்ந்திருந்தால் எனக்குக் கை கால் ஓடாது.

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோவிலை ஒட்டியிருக்கும் நவராத்திரி மண்டபத்தில் கைதட்டவே கூடாது. பேச்சும் கூடாது. ஒன்பது நாளும் மாலை வேளையில் அப்படியொரு அமைதியில்தான் வித்வான்கள் பாடுகிறார்கள். பாறசாலை பொன்னம்மாள் 2006ல் அங்கே பாடிய முதல் பெண் ஆனார், எண்பது வயதைக் கடந்த பிறகு. அசையாத சபை ரசிக்காத சபை என்று எண்ணிவிடக் கூடாது. கேட்பதில் ஆழ்ந்தவர் முகம் பெரும்பாலும் கடுகடுப்பாகத்தான் தெரியும். நடுவில் எழுந்து போகிறவருக்குக் கடைசி பஸ்ஸாக இருக்கும்.

முகங்கள் தொந்தரவு செய்தால், பார்வையைப் பின்வரிசைக்கு மேலே சுவரில் வையுங்கள். தலையாட்டும் ஒருவர் கண்ணில் பட்டால் அவருக்காகப் பாடுங்கள்.

மாத்திரை போட்டுக்கொண்டால் நடுக்கம் நிற்கும் என்கிறார்களே?

அந்த மாத்திரையின் பெயர் ப்ரோப்ரனலால். பீட்டா பிளாக்கர் வகை. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் பிளாக் இதய நோய்க்காக 1960களில் உருவாக்கினார். 1988ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரானார். அட்ரினலின் போய் உட்காரும் இடத்தை இந்த மருந்து அடைத்துக்கொள்கிறது. அதனால் இதயத் துடிப்பும் கை நடுக்கமும் குறையும். மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ராக்களில் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

குறைவது உடம்பின் நடுக்கம் மட்டும். மனதின் கவலையை அது நேராகத் தொடுவதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது மூச்சுக்குழலைச் சுருக்கும், ஆபத்து. இதயத் துடிப்பு ஏற்கெனவே குறைவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். ஆகவே டாக்டர் பரிசோதித்துச் சீட்டு எழுதினால் மட்டும்தான். மேடைத் தோழர் நீட்டும் மாத்திரையை வாங்காதீர்கள். பிள்ளைகளுக்குப் பெற்றோர் தாமாகவே கொடுப்பது பெருந்தவறு. டாக்டர் கொடுத்தாலும் முதல் வேளையைக் கச்சேரி நாளில் போட்டுப் பார்க்காதீர்கள்.

மேடைக்கு முன் இரண்டு டம்ளர் காபி குடிப்பது துடிப்பைக் கூட்டும். மது கையையும் காதையும் மழுக்கும். அந்த வழியில் போய்க் கெட்ட திறமைகள் எல்லா ஊரிலும் உண்டு.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். குரல் கம்மியிருப்பது மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், அது பயமல்ல; காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். மேடையில் மட்டும் அடைத்து வீட்டுக்கு வந்ததும் திறக்கும் குரல்தான் பதற்றத்தின் குரல்.

கச்சேரிக்குப் பல நாள் முன்பிருந்தே தூக்கம் போவது, சாப்பாடு இறங்காதது, வாய்ப்புகளைத் தொடர்ந்து மறுப்பது, சங்கீதத்தையே விட்டுவிட நினைப்பது, 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் விடாமல் வருவது, இவை இருந்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்ப்பது நல்லது. மேடையில் மட்டும் வரும் அளவுமீறிய பதற்றத்தை மருத்துவ உலகம் தனியாகவே அடையாளம் காண்கிறது. எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416, தமிழிலும் பேசலாம். கேரள அரசின் திஷா உதவி எண் 1056. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

கச்சேரி வாய்ப்பு எப்போதாவதுதான் வருகிறது. பிறகு எப்படிப் பழகுவது?

மேடையென்றால் மைக்கும் ஜமக்காளமும் என்று நினைப்பதால் வரும் கஷ்டம் இது. சிறிய சபையிலிருந்து தொடங்குங்கள். முதலில் கைபேசியில் பதிவு. சிவப்பு விளக்கு எரிந்தாலே பலருக்குக் குரல் மாறும், அதுவே முதல் சபை. அடுத்து வீட்டார். அடுத்து பக்கத்து வீட்டு அக்காவும் பாட்டியும். அதற்குப் பின் பஜனை. சனிக்கிழமை பஜனையில் கூட்டத்தோடு பாடலாம், பிறகு ஒரு நாமாவளியை நீங்கள் எடுத்துக்கொடுக்கலாம். மண்டல காலத்தில் ஐயப்பன் விளக்கு நடக்கும் இடங்களில் குரல் கொடுக்கும் ஆளுக்குத் தட்டுப்பாடுதான். நவராத்திரி கொலுவுக்குப் போகிற வீட்டில் 'ஒரு பாட்டுப் பாடேன்' என்று கேட்டால் ஒளியாதீர்கள்.

கையில் சில உருப்படிகள் திடமாக ஆனதும், குருவாயூரில் ஏகாதசியை ஒட்டி நாள்கணக்கில் நடக்கும் செம்பை சங்கீதோத்சவத்துக்கு விண்ணப்பிக்கலாம். பெயர்பெற்ற வித்வான்கள் பாடும் அதே மேடையில் வளர்கிறவர்களுக்கும் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. அந்தச் சில நிமிடங்கள் நல்ல பயிற்சி: வரிசையில் காத்திருப்பது, முன்பின் தெரியாத பக்கவாத்தியத்தோடு உட்காருவது, அடுத்தவர் காத்திருக்கும்போது எழுந்து வருவது.

ஒரு படியில் பதற்றம் பாதியாகக் குறையும் வரை அங்கேயே இருங்கள், பிறகு அடுத்த படி. தாவினால் விழுவீர்கள்.

போன வருடம் எங்கள் ஊர்க் கோவிலில் பாட்டு நடுவில் நின்றுவிட்டது, அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு அங்கே பாடவில்லை. இனி முடியுமா?

முடியும். தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கிறது; அந்த நிம்மதியே பயத்தை வளர்க்கிறது. அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 1967ல் நியூயார்க்கில் பெருங்கூட்டத்தின் முன் பாடலின் வரிகளை மறந்தார். அதன்பின் கச்சேரிச் சுற்றுப்பயணம் போக அவருக்கு 27 ஆண்டுகள் பிடித்தன.

நீங்கள் அதே கோவிலுக்கே போங்கள், ஆனால் கச்சேரிக்கு வேண்டாம். கூட்டமில்லாத ஒரு சாயங்காலம் தீபாராதனைக்கு முன் நன்றாகத் தெரிந்த சிறிய பாட்டு ஒன்றைப் பாட அனுமதி கேளுங்கள். துணைக்குத் தோழி ஒருத்தி கூடப் பாடட்டும். நின்றுபோன அந்தக் கீர்த்தனையை இப்போது தொட வேண்டாம். சில வாரங்கள் இப்படிப் போனபின், நான் மேலே சொன்னபடி அதை நடுவிலிருந்து பிரித்துப் பாடம் செய்து, முதலில் வகுப்பில் பாடுங்கள். அடுத்த நவராத்திரிக்குக் கோவில் கமிட்டியில் பெயர் கொடுக்கும்போது வர்ணமும் இரண்டு சிறிய உருப்படிகளும் மட்டும் என்று சொல்லுங்கள். அந்தக் கீர்த்தனையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அன்றைக்கு மேடையில் வர்ணம் முடிந்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம். பக்கவாத்தியக்காரர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.